பென்சில் சீசன்

சந்தூரிலிருந்தும் ஜெகதேவியிலிருந்தும் வரும் லாரிகள்
கேட்டுக்கு வெளியே எத்தனை தூரம் நிற்கின்றன என்பதை வைத்து
சீசன் எப்படி என்று சொல்லிவிடுவோம்.
காம்பில் பால் காயாத பெங்களூரா
தார்ப்பாய்க்கு அடியில் வேர்த்துக்கொண்டிருக்கும்.

உள்ளே லேப்.
லேப் என்றால்
பாய்லருக்கும் கக்கூசுக்கும் நடுவில் பத்துக்குப் பத்து.
ஒரு மேசை, ஒரு பிரிக்ஸ் மீட்டர்,
கோடு போட்ட நீள நோட்டு,
சுவர் ஆணியிலிருந்து நூலில் தொங்கும் பென்சில்.

அந்த நூலைக் கட்டியவன் நான்.
"இப்போதைக்கு பென்சில்ல எழுதுங்க,
சாயங்காலம் பேனாவுல போட்டுக்கலாம்."
பதினோரு வருசமாகச் சொல்கிறேன்.
ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
கேட்காமல் இருந்ததை
ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

பதிமூணு புள்ளி ரெண்டு காட்டிய கூழ்
சாயங்காலம் பதினாலாகிவிடும்.
பொழுது இறங்க இறங்க இனிப்பு ஏறும் மாம்பழம்
கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே
நம்ம கம்பெனிக்குத்தான் வருது என்பான்
பாய்லர் திம்மராயன்.
டீ ஆறுவதற்குள் சிரித்து முடித்து
டிரம்மில் லேபிள் ஒட்டப் போய்விடுவோம்.

மே மாதம் பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
கேண்டீனில் திரை கட்டி
நேர்மையே நம் அடையாளம் என்றார்கள்.
கொட்டை பிரிக்கும் பெண்கள்
சமோசா வரும்வரை கண் அசந்தார்கள்.
வந்ததற்குக் கையெழுத்து வாங்கினார்கள்,
பேனாவில்.
போஸ்டர் ஒன்று கொடுத்துப் போனார்கள்.
மாட்ட வேறு ஆணி இல்லை.
பென்சில் தொங்கிய ஆணியிலேயே மாட்டினேன்.
அடையாளத்துக்குக் கீழே
பென்சில் ஆடிக்கொண்டிருந்தது.

ஜூன் பத்தாம் தேதி தௌலத் வேலைக்கு வந்தாள்,
காவேரிப்பட்டணம் பஸ்ஸில், ரெண்டாவது ஷிப்டுக்கு.
கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டாள்,
வெளிச்சத்தில் பார்த்தாள்,
பையிலிருந்து நீலப் பேனா எடுத்து
13.2 என்று எழுதி
பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள்.

"பென்சில்மா."
"முனை உடைஞ்சிருக்கு சார்."
சீவிக் கொடுத்தேன்.
மறுநாளும் உடைந்திருந்தது.
மறுபடி சீவினேன்.
மூன்றாம் நாள் சீவவில்லை.
வீரம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
பிளேடு தேடச் சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்திரண்டு டிரம்
மஞ்சள் நாடா சுற்றி ஓரமாக நின்றது.
முனிரத்தினம் சார் நோட்டைப் புரட்டினார்.
எண்ணைக் கேட்கவில்லை, பழத்தைக் கேட்கவில்லை.
"லேபுக்குப் பேனா குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

பதினோரு வருசத்தில் நான் சொன்ன
கடைசிப் பொய் அது என்று எழுத ஆசை.
வேண்டுமானால் பென்சிலில் எழுதிவைக்கிறேன்.

சரக்கு குறைந்த விலைக்குத்தான் போனது.
ஊக்கத்தொகையில் ஆளுக்கு எழுநூறு பிடித்தார்கள்.
கொட்டை பிரிக்கும் கோவிந்தம்மாள்
"உங்க பேனா எம் புள்ள ஃபீஸத் தின்னுருச்சு" என்றாள்.
பதில் வைத்திருந்தேன், சொல்லவில்லை.
தௌலத்தோடு ஒரு வாரம் யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை.
அவள் டப்பாவைத் திறந்து
அந்தப் போஸ்டரைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

எட்டாவது நாள் திம்மராயன்
லேப் வாசலில் வந்து நின்றான்.
கையெல்லாம் கரி.
"டெம்பரேச்சர் நோட்டுக்கு ஒரு பேனா குடு."
"எதுக்கு?"
"நேத்து தொண்ணூத்தஞ்சு வரல. வரலன்னு எழுதணும்."
எடுத்துப் போனவன் திருப்பித் தரவில்லை.
அதற்கப்புறம் பேனாவாகத் தொலைகிறது லேபில்.
பெட்டியோடு வாங்கச் சொல்லி
இண்டெண்ட் போட்டிருக்கிறேன்.

ஆனால் எடைமேடையில் இன்னும் பென்சில்தான்.
சம்பங்கியின் காதில் செருகியிருக்கும்.
கழிவு என்று டன்னுக்கு ஐம்பது கிலோ தள்ளி
சீட்டு கிழிக்கிறான்.
சீட்டை மடித்து மடியில் செருகி
லாரியில் ஏறுகிறார்கள் தோட்டக்காரர்கள்,
ஏன் என்று கேட்காமல்.

அவனுக்கும் ஒரு பேனா கொடுக்க வேண்டும்.
சட்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.
நாலு நாளாக
எடைமேடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன்.